வயிற்றெரிச்சலும் நமது அசிரத்தையும்

மயிலாப்பூர்க் குளக்கரையை அடுத்த தெருக்களிலாயினும், தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள கடைவீதியிலாயினும், காலை வேளையில் ஏதேனுமொரு மருந்துக்கடை வாசலில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை கேட்டு வருவோருக்குக் குறைவிராது. கடைக்காரர் வைத்தியருடைய சீட்டைக் கேட்பதில்லை. வாங்குகிறவரும் தமக்கு ஒரு வியாதி இருப்பதாக எண்ணுவதில்லை. சவரம் செய்துகொள்வதைப் போலவும் காப்பி குடிப்பதைப் போலவும், வெறும் வயிற்றில் அமிலத்தை அடக்கும் மாத்திரை ஒன்றை விழுங்குவதும் நமது நகரத்தில் நித்திய கர்மாவாகிவிட்டது.

நமது நண்பர் ஒருவர் இந்தக் கர்மாவை ஒன்பது ஆண்டு தவறாமல் செய்து வந்தார். அவர் மயிலாப்பூரில் வக்கீல் தொழில் நடத்தியவர். எதிர்க்கட்சியாரின் மனுவில் ஒரு தேதி பிசகியிருந்தாலும் விடமாட்டார். கோட்டுப் பையில் மாத்திரை அட்டை எப்போதும் இருக்கும். எரிச்சல் வந்தால் ஒன்று. விருந்துக்குப் போனால் இரண்டு. ஒருமுறை சில நாட்கள் மலம் கருநிறமாகப் போயிற்று. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை. உடல் இளைத்தபோது, 'நடைப்பயிற்சியின் பலன்' என்று மகிழ்ந்தார். கடைசியில் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்த நிபுணர் அவரை அடையாற்றுக்கு அனுப்பினார். நாம் பார்க்கச் சென்றிருந்தபோது, "நம்ம அப்பீல் லிமிடேஷனைத் தாண்டிவிட்டது, ஸார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அப்போது வயது 51. பதினொரு மாதம் கழித்து அவர் காலமானார்.

அவருடைய வழக்கு உண்மையிலேயே காலவரையறைக்கு உட்பட்டதுதான் என்பதையும், அந்தக் கெடு கழிவதற்குள் செய்யக்கூடிய பரிகாரம் இருந்தது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வயிற்று ரணத்துக்குக் காரணம் யாது என்று நம்மவரைக் கேட்டால் விடை தயாராயிருக்கும். மிளகாய், புளி, வேளை தவறிய சாப்பாடு, காப்பி, கவலை. அதாவது, நோயாளியின் நாக்கும் மனமுமே குற்றவாளிகள். மாமியாரும் வைத்தியரும் ஒரே குரலில் அவனைக் கடிந்துகொள்வார்கள். இந்த அபிப்பிராயம் பாமரருடையது மட்டுமன்று. ஒரு தலைமுறைக்கு முன்வரை உலகத்து வைத்திய கலாசாலைகளிலும் ஏறக்குறைய இதையே போதித்து வந்தார்கள். அமிலமில்லையேல் ரணமில்லை என்பது அங்கே சூத்திரமாக விளங்கியது.

நமது தென்னாடு இந்த ஆராய்ச்சியில் பழைய களம். 1922-ல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற கூட்டத்தில் ஒருவராக வந்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல் என்னும் ஆங்கில ரண வைத்தியர், அதன்பின் தெற்கே யாத்திரை செய்து, அக்காலம் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைக் கண்டார். காத்திருந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் தமக்கிருந்த எதிர்காலத்தை உதறி அங்கேயே தங்கினார். சிறுகுடலின் தொடக்கத்தில் ரணம் கண்டு வேதனைப்பட்ட ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு, இரைப்பைக்கும் குடலுக்கும் இடையே புதுவழி அமைத்து அவர் சிகிச்சை செய்தார். இவ்வளவு ரணம் ஒரே பிரதேசத்தில் ஏன் என்று வியந்த அவர், மரவள்ளிக் கிழங்கை முக்கிய ஆகாரமாகக் கொண்ட சத்துக்குறைந்த உணவின் மீது சந்தேகம் கொண்டார். அதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மக்கரிசன் என்ற ஆராய்ச்சியாளர், சென்னை மாகாணத்து ஏழைகளின் உணவையும் திருவிதாங்கூர் ஏழைகளின் உணவையும் எலிகளுக்கு ஊட்டிப் பார்த்து, அவற்றின் வயிற்றில் ரணம் உண்டாவதைக் கண்டார். இருவரும் மேதாவிகள். கண்ணுக்குத் தெரிந்த சாட்சியங்களை நேர்மையாக விசாரித்தார்கள். ஆனால் முதற் குற்றவாளி அவர்கள் முன் ஆஜராகவேயில்லை.

அவன் அகப்பட்டது வெகு தூரத்தில், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்தில். 1979-ல் ராபின் வாரன் என்ற திசுப் பரிசோதனை நிபுணர், அழற்சியுற்ற இரைப்பைச் சவ்வின் மீது சுருள் வடிவமான நுண்கிருமிகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பூதக்கண்ணாடியில் கண்டார். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. பாரி மார்ஷல் என்ற இளம் வைத்தியர் அவருடன் சேர்ந்துகொண்டார். கிருமியைத் தட்டில் வளர்க்கச் செய்த முயற்சிகள் பலமுறை தோற்றன. இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காவிட்டால் தட்டை எறிந்துவிடுவது அங்கே வழக்கம். 1982-ல் ஈஸ்டர் விடுமுறையின் காரணமாக ஒரு தட்டு ஐந்து நாள் தொடப்படாமல் கிடந்தது. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! அது மெதுவாக வளரும் ஜாதி என்பது அப்போதுதான் புலனாயிற்று.

கண்டதைச் சொன்னபோது பெரியோர் பலர் நம்பவில்லை. ரணமுள்ள இடத்தில் கிருமி இருந்தால், ரணத்துக்குப் பின் அது குடியேறியிருக்கலாமே என்று கேட்டார்கள். நியாயமான குறுக்கு விசாரணைதான். சம்பவ ஸ்தலத்தில் ஒருவன் இருந்தான் என்பதனாலேயே அவன் கொலைகாரனாகிவிட மாட்டான் அல்லவா? ஆகவே மார்ஷல் 1984-ல் தம் இரைப்பை ஆரோக்கியமாக இருப்பதை முதலில் பரிசோதனையால் உறுதி செய்துகொண்டு, பிறகு கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டன. பத்தாம் நாள் மீண்டும் குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பை அழற்சியுற்றிருந்தது. கிருமிகளும் அங்கே இருந்தன. 2005-ல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமிக்கு இன்று வழங்கும் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

இக்கிருமியின் வாழ்க்கை விசித்திரமானது. யூரியாவைப் பிளந்து அம்மோனியாவாக்கும் சக்தி இதனிடம் உண்டு. அந்த அம்மோனியாவைக் கவசம் போலத் தன்னைச் சுற்றிப் பரப்பி அமிலத்தை முறித்துவிட்டு, இரைப்பைச் சவ்வின் மீதுள்ள சளிப் படலத்துக்குள் துளைத்துச் சென்று தங்குகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வந்து சேர்கிறது. தாயிடமிருந்தும் உடன்பிறந்தோரிடமிருந்தும், நெருக்கமான வீடுகளிலும், சுத்தமில்லாத நீர் புழங்கும் இடங்களிலும் பரவுகிறது. விரட்டாவிட்டால் ஆயுள் முழுதும் குடியிருக்கும். உலக ஜனங்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் வயிற்றில் இது இருந்திருக்கிறது. நமது தேசத்தில் பெரியவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பதாகப் பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆகவே இது ஒருவனுடைய நாக்கின் குற்றமன்று, மனத்தின் பலவீனமுமன்று. மிளகாய், புண்பட்ட வயிற்றை எரியச் செய்யும் என்பது வாஸ்தவம். புண்ணை உண்டாக்கியது மிளகாய் என்பதற்கு மட்டும் ருசுவில்லை.

ரணம் மட்டுமே இதன் விளைவாயிருந்தால் நாம் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. இரைப்பையின் சவ்வு மெல்ல மெல்ல உருமாறுவதே கவலைக்குரிய விஷயம். கொலம்பியா தேசத்தில் பிறந்த பெலாயோ கொரியா என்ற திசு நிபுணர் இந்த மாறுதலின் படிகளை 1975-லேயே வரிசைப்படுத்தினார். முதற்படி, நீடித்த அழற்சி. பல ஆண்டுகள் அழற்சி தொடர்ந்தால், அமிலத்தையும் ஜீரண ரசத்தையும் சுரக்கும் சுரப்பிகள் நசித்துச் சவ்வு மெலிகிறது. இது இரண்டாம் படி. மூன்றாம் படியில் ஓர் அதிசயம் நிகழ்கிறது. இரைப்பையின் சவ்வு இருக்கவேண்டிய இடத்தில் குடலின் சவ்வைப் போன்ற திசு முளைக்கிறது. நெல் விளைந்த வயலில் கோரை முளைப்பதைப் போன்றது இது. நான்காம் படியில் உயிரணுக்கள் ஒழுங்கு கெட்டு வளர்கின்றன. ஐந்தாவது, புற்றுநோய். முதற்படியிலிருந்து கடைசிப் படிக்குச் செல்லப் பல பத்தாண்டுகள் ஆகும். பெரும்பாலோர் கீழ்ப்படிகளிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஏறிக்கொண்டிருப்பவனுக்குத் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது தெரிவதில்லை. சவ்வு உருமாறுவதற்கென்று தனி வலி கிடையாது.

இதற்குச் சாட்சியம் பலமானது. ஜப்பானில் 1,526 நோயாளிகளைச் சராசரி ஏழு ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். கிருமியுடைய 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் கண்டது. கிருமியில்லாத 280 பேரில் ஒருவருக்கும் காணவில்லை. இதற்கு முன்பே, 1994-ல், உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இக்கிருமியைப் புகையிலையோடு ஒரே பந்தியில் வைத்து, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது நிச்சயம் என்று தீர்மானித்துவிட்டது.

'நாட்டில் பெரும்பாலோருக்குக் கிருமி இருக்கிறதென்றால், பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வரக் காணோமே?' என்று நேயர்கள் கேட்கலாம். சரியான கேள்வி. கிருமி மிகுந்தும் இரைப்பைப் புற்றுநோய் குறைந்தும் காணப்படுவதை நிபுணர்கள் இந்தியப் புதிர் என்றே வழங்குகிறார்கள். ஆனால் தேசம் முழுவதற்கும் பொருந்தும் அந்தச் சமாதானம் சென்னைவாசிகளாகிய நமக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இதைச் சொல்ல நமக்கு உரிமை தந்தவர்கள் அடையாற்றில் இருக்கிறார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் மாண்டார். அந்தத் துயரத்தில் அவ்வம்மையார் கொண்ட உறுதி முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1954-ல், அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரியாக உருவெடுத்தது. அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மயிலாப்பூரில் பிறந்து 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதைத் தேசப் பிரசித்தமாக்கினார்கள். டாக்டர் சாந்தா 2021-ல் மறையும்வரை அந்த வளாகத்தையே வீடாகக் கொண்டிருந்தார். அந்த ஸ்தாபனம் செய்த காரியங்களில் வெளியாருக்கு அதிகம் தெரியாதது ஒன்று உண்டு. 1982 தொடங்கி, சென்னை நகரத்தில் யாருக்கெல்லாம் புற்றுநோய் காண்கிறது என்று அங்கே கணக்கெழுதி வருகிறார்கள். ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சென்று பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள். மாநகராட்சியின் மரணப் பதிவுகளையும் ஒப்புநோக்குகிறார்கள். ஆரவாரமில்லாத வேலை. அந்தக் கணக்கு சொல்லுவது இது: தொடங்கிய காலந்தொட்டு நீண்ட ஆண்டுகள் சென்னை ஆண்களிடையே புற்றுநோய்களில் முதலிடம் வகித்தது இரைப்பைப் புற்றுநோயே. பிறகு அதன் விகிதம் இறங்கி, மற்றவை முன்வந்தன. எனினும் நமது நகரத்து ஆண்களிடையே அது இன்னும் அற்பமான வியாதியாகிவிடவில்லை.

கிருமி ஒன்றே போதாது. துணைக் குற்றவாளிகளும் வேண்டும். கிருமியில் உக்கிரமான ஜாதிகளும் சாதுவான ஜாதிகளும் உண்டு. நோயாளியின் பரம்பரை ஒரு காரணம். அதிக உப்பில் ஊறிய பண்டங்கள் ஒரு காரணம். சென்னையில் நடத்திய ஓர் ஆராய்ச்சியை 1996-ல் வெளியிட்ட அடையாற்று நிபுணர்கள், புகைப் பழக்கமுடையோருக்கு இரைப்பைப் புற்றுநோயின் அபாயம் இரு மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். சாமர்வெல்லும் மக்கரிசனும் உணவைச் சந்தேகித்தது முற்றிலும் வீணன்று என்பதும் இதனால் விளங்கும். உணவு உடந்தை, கிருமி பிரதானக் குற்றவாளி.

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். அமிலத்தை அடக்கும் மருந்துடன் இரண்டு கிருமிநாசினி மருந்துகளும், பல சமயம் பிஸ்மத் என்னும் உலோக உப்பும் சேர்த்து, வழக்கமாகப் பதினான்கு நாள் கொடுக்கிறார்கள். அவ்வளவே. கிருமி ஒழிந்தால் ரணம் ஆறும். மீண்டும் வருவது அரிதாகும். சாமர்வெல் கத்தியால் செய்ததைப் பெரும்பாலும் இன்று மாத்திரை செய்கிறது. சவ்வு விஷயத்திலோ, சிகிச்சை செய்யும் காலமே முக்கியம். அழற்சி தணியும், நசித்த சுரப்பிகள் ஓரளவு மீளும், ஆனால் குடல் சவ்வாக மாறிவிட்ட இடம் எளிதில் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்நிலையிலும் கிருமியை ஒழிப்பது நலமே என்றாலும், முழுப் பலன் அதற்கு முன் செய்தவர்களுக்குத்தான். நமது நண்பர் சொன்ன லிமிடேஷன் இதுவே. இந்த வழக்கில் தாமதத்தை மன்னிக்கும்படி மனுப் போட எந்தக் கோர்ட்டும் இல்லை.

பரிசோதனை பயங்கரமானதன்று. மூச்சை ஒரு பையில் ஊதியும், மலத்தைச் சோதித்தும் கிருமி இருப்பதை அறியலாம். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பான்டோபிரசோல் போன்ற அமிலமடக்கி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டே சோதித்தால், கிருமி இருந்தும் இல்லையென்று விடை வரக்கூடும். இரண்டு வாரமாவது அதை நிறுத்தியபின், வைத்தியர் யோசனைப்படி சோதிப்பதே முறை. ரத்தப் பரிசோதனை, பழைய கிருமியையும் இப்போதிருக்கும் கிருமியையும் வேறு பிரித்துச் சொல்லாது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக அஜீரணம் கண்டவர்களும், எடை குறைகிறவர்களும், கருமலம் போகிறவர்களும், விழுங்கச் சிரமப்படுகிறவர்களும், சோகை கண்டவர்களும் இவற்றோடு நில்லாமல் எண்டாஸ்கோபி என்னும் குழாய்ப் பரிசோதனையைத் தாமதமின்றிச் செய்துகொள்ள வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் கண்டிருந்தால், தமக்கு நோவு இல்லாவிட்டாலும் கிருமி உண்டா என்று பார்த்துக்கொள்ளுதல் நலம்.

'பெரும்பாலோரிடம் கிருமி உண்டென்றால், எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன?' என்று துடிப்புள்ள இளைஞர்கள் சிலர் நம்மைக் கேட்டார்கள். தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் 2004 முதல் பெரியவர்கள் யாவரையும் சோதித்து, கிருமியுடையோருக்குச் சிகிச்சை செய்தார்கள். இரைப்பைப் புற்றுநோய் அங்கே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் அவை சிறு தீவுகள். அந்நோய் மலிந்த இடமும்கூட. நமது நிலை வேறு. சென்னை உள்ளிட்ட பல நகரங்களின் நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளைச் சோதித்து 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முக்கால் பங்குக்கு மேற்பட்ட கிருமிகள் மெட்ரோனிடசோல் என்ற மருந்துக்கு அடங்கவில்லை. கிளாரித்ரோமைசின் என்ற மற்றொரு மருந்தை எதிர்ப்பவையும் ஏராளம். ஜுரத்துக்கும் பேதிக்கும் கடையில் நாமே கேட்டு வாங்கி இரண்டு நாள் தின்று மூன்றாம் நாள் நிறுத்திய மருந்துகளின் பலன் இது. கண்ணை மூடிக்கொண்டு ஊருக்கெல்லாம் மருந்தை வாரியிறைத்தால் மிஞ்சியுள்ள ஆயுதமும் மழுங்கும். சோதித்து, தேவையுள்ளோருக்குக் கொடுத்து, பதினான்கு நாளும் தின்னச் செய்து, நான்கு வாரத்துக்குப் பின் மறுபடி சோதித்துக் கிருமி ஒழிந்ததை உறுதி செய்தலே விவேகம். இந்தக் கடைசிச் சோதனையைத்தான் நம்மவர் அநேகமாக விட்டுவிடுகிறார்கள்.

சர்க்காருக்கும் இதில் கடமையுண்டு. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், வீட்டு வாசலுக்குச் சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்க முடியும் என்று நிரூபித்துவிட்டது. அதுபோல நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில், நீடித்த வயிற்றுப் புகாருடன் வருவோருக்கும் இரைப்பைப் புற்றுநோயாளிகளின் குடும்பத்தாருக்கும் மலப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்கச் செய்தல் வேண்டும். முற்றிய புற்றுநோய்க்குக் காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் சர்க்கார் பணம் செலவிடுகிறது, அது தர்மமே. அந்நிலைக்கு ஒருவன் வராமல் தடுக்கும் செலவு அதனினும் மிகச் சிறிது. அடையாற்றுப் பதிவேட்டைப் போன்ற கணக்கு கையிலிருக்கும் நகரம், எந்த வட்டாரத்தில் முதலில் தொடங்குவது என்று இருட்டில் தடவ வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தண்ணீரும் இடமுமே. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் மருந்து கண்டுபிடிக்கும் முன்பே தலைமுறைக்குத் தலைமுறை இக்கிருமி குறைந்து வந்தது. குழாயில் சுத்தமான நீரும், குடும்பத்துக்குப் போதுமான அறைகளும், மூடிய சாக்கடையும் அந்த வேலையைச் செய்தன. தியாகராய நகர் மாடிவீட்டில் வடிகட்டிய நீர் குடிக்கும் குழந்தையும், அடையாற்றங்கரைக் குடிசையில் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் நிற்கும் குழந்தையும் ஒரே நகரத்தின் பிரஜைகள். அவ்விரு குழந்தைகளின் இரைப்பைகளும் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எப்படியிருக்கும் என்பதை இன்றைய குடிநீர்ப் பட்ஜெட்டே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வட்டக் கூட்டங்களில் பேசும் நமது ஊழியர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவார்களாக.

நாம் யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. கிருமியுடையோரில் பெரும்பாலோர் ஒரு கெடுதியுமின்றி வாழ்ந்து முடிப்பார்கள். ஆனால் இந்தப் பத்திரிகையைக் கையில் பிடித்திருக்கும்போதே சட்டைப் பையில் மாத்திரை அட்டையை வைத்திருக்கும் நேயர் எத்தனையோ பேர் என்று நமக்குத் தெரியும். அவர்களை ஒன்று கேட்கிறோம். அதை எத்தனை ஆண்டுகளாகத் தின்று வருகிறீர்கள்? கிருமி உண்டா என்று ஒரு முறையேனும் சோதித்ததுண்டா? இல்லையென்பது விடையானால், அடுத்த அட்டை வாங்கப் புறப்படும் காலை, மருந்துக்கடைக்குப் போகாமல் வைத்தியரிடம் போங்கள்.